சனிக்கிழமைப் பெருச்சாளி

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தேன். மூன்று அறை கொண்ட வாடகை வீடு. இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். மூன்றாவதில் என் கணவர் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரி இருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அவர் அங்கே தோல் பெட்டிகளை வெளியூருக்கு அனுப்பும் பிரிவில் கிளார்க். அந்தப் பிரிவில் எது மிஞ்சினாலும், சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். உடைந்த பெட்டிப் பலகை, பெட்டியைச் சுற்றிக் கட்டும் இரும்புப் பட்டை, கடுக்காய் வந்த கோணி, பெயின்ட் தீர்ந்த டப்பா, விரல் அகலத் தோல் துண்டுகள். அறை நிரம்பியதும் பலகைகள் பின்பக்கம் போய், மதில் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்காகி நின்றன.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டால், "ஒதவும்" என்பார்.

நூற்றில் ஒன்று நிஜமாகவே உதவிவிடும், அதுதான் கஷ்டம். பின்கதவின் கீல் துருப்பிடித்து விழுந்தபோது தோல் துண்டை மடித்து ஆணி அடித்தார். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அந்தக் கதவு முனகவே இல்லை. அந்த ஒரு கீலைக் காட்டியே மீதி தொண்ணூற்று ஒன்பதையும் காப்பாற்றிக்கொண்டார்.

நான் வேலூர்க்காரி. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டில் ஒரு பொருள் ஆறு மாதம் சும்மா கிடந்தால் ஏழாவது மாதம் இருக்காது. இங்கே நான் குப்பையில் போட்ட கிழிந்த சட்டையை இவர் எடுத்து உதறி, மடித்து, மறுபடி அலமாரியில் வைத்தார்.

அப்போதுதான் பாத்திரக்காரம்மா வந்தார். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர். தலையில் கூடை, தோளில் துணி மூட்டை. சனிக்கிழமை தோறும் எங்கள் பக்கம் வருவார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. பெண்கள் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர். என் கணவருக்கு டேனரி வெள்ளிக்கிழமைதான் லீவு, சனிக்கிழமை வேலை உண்டு. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்.

ஒரே ஒரு இடைஞ்சல். எங்கள் வாசலுக்கு நேர் எதிரில் அவரோடு வேலை செய்பவரின் வீடு. அங்கே எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பின்பக்கம் யோசித்தேன். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அக்காவைக் கூப்பிடுவது போல, தெருவே அவரை ஆபா என்று கூப்பிடும். மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம். ஆபாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்லயும் இதே பேஜார்தான் டீச்சர்" என்றார். "நான் கதவு தெறக்கறேன். நீங்க மூட்டைய எடுத்துக்கினு வாங்க."

முதல் சனிக்கிழமை ஒரு பழுப்பு பேன்ட் போனது. பாத்திரக்காரம்மா அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் பின்பக்க ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "இது துணியா, சல்லடையா?" என்றார். நான் விடவில்லை. ஒரு கரண்டி கிடைத்தது.

அன்று சாயங்காலமே என் கணவர் அந்தப் பேன்ட்டைத் தேடினார். இரண்டு வருடமாகத் தொடாத பேன்ட் அது. அறையைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து, "எங்கேம்மா போச்சு?" என்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு பெருச்சாளி நடமாடியது. பின் முற்றத்தின் ஒரு பக்கமாக ஓடிய டேனரிக் கால்வாயிலிருந்து வந்து குளியலறைச் சோப்பைத் தூக்கிப் போயிருந்தது. அவருடைய ஒரு செருப்பின் வாரையும் கடித்திருந்தது. அது என் வாயில் தானாக வந்தது.

"பெருச்சாளிதாங்க. வேற எது?"

அவர் செருப்பைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பொய் சொல்லி இவ்வளவு சுலபமாகத் தப்பித்தது அதுவே எனக்கு முதல் தடவை. அதுதான் கெடுத்தது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு சட்டை. அதற்கடுத்து காது அறுந்த துணிப்பைகள், ஒரு படுதா. பிறகு ஒரு கோட்டு. ஒவ்வொன்றுக்கும் பெருச்சாளிதான் பொறுப்பு. கோட்டு போன அன்று மட்டும் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. கோட்டை இழுத்துப்போகும் பெருச்சாளி என்றால் அது ஆட்டுக்குட்டி அளவாவது இருக்க வேண்டும். ஆனால் அவர் சந்தேகப்படவில்லை. வேறொன்று செய்தார். சமையலறையில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில், பொருள் காணாமல் போன நாளிலெல்லாம் பென்சிலால் ஒரு குறி போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ சயின்ஸ் டீச்சர்தானே?" என்றார்.

"ஆமா."

"பெருச்சாளிக்குக் கெழமை தெரியுமா?"

நான் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். "ஏங்க?"

"சனிக்கிழமை சனிக்கிழமைதான் வருது. ஒருநாள்கூட மாறல."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே காரணத்தையும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை டேனரிகள் லீவு. அன்றைக்குக் கால்வாயில் தண்ணீர் வராது, பெருச்சாளி வளைக்குள் நிம்மதியாகத் தூங்கும். சனிக்கிழமை காலை மறுபடி தண்ணீர் திறந்ததும் வளைக்குள் புகும், அது வெளியே ஓடி வரும், வந்த இடத்தில் கிடைத்ததை இழுத்துப் போகும். கேட்கக் கேட்க எனக்கே அது சரியாகத்தான் பட்டது. பரீட்சையில் எந்தப் பெண்ணாவது இப்படிக் காரணகாரியத்தோடு எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் சட்டை போடவில்லை. லுங்கியோடு சாமான் நிறைந்த அந்தப் பின் அறைக்குப் போய், பெட்டிகளை நகர்த்தி, ஜன்னல் பக்கம் உட்கார இடம் பண்ணினார். கையில் ஒரு பலகைக் கட்டை.

"வேலைக்குப் போகலையா?"

"லீவு சொல்லிட்டேன். இன்னிக்கு அதை ஒரு கை பாக்கறேன்."

அரிசி டிரம்முக்குப் பின்னால் நாலு பேன்ட் மூட்டையாகத் தயாராக இருந்தது. பாத்திரக்காரம்மா வரும் நேரம். வந்தால் மதில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "டீச்சரம்மா, துணி இருக்குதா?" என்று கத்துவார். நான் கறிவேப்பிலை வாங்கும் சாக்கில் தெரு வழியாக ஓடிப்போய் ஆபாவிடம் சொன்னேன். ஆபா பதறவில்லை. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருமுனைக்கே போய், பாத்திரக்காரம்மாவை மடக்கித் தன் வீட்டுக்குள் அழைத்துவந்து, டீ போட்டுக் கொடுத்து, மதியம் வரை வெளியே விடவில்லை. சும்மா உட்கார வைத்தால் கிளம்பிவிடுவார் என்று தன் வீட்டுக்காரரின் இரண்டு ஷெர்வானியை எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஷெர்வானிகளுக்காக அப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

பத்து மணி இருக்கும். பின் அறையிலிருந்து என் கணவர் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டார். "சத்தம் போடாம வா."

ஆபாவின் கதவு திறந்துகொண்டதோ என்று பயந்தே போனேன். அவர் ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். கட்டை கீழே கிடந்தது. நானும் எட்டிப் பார்த்தேன்.

பலகை அடுக்கின் அடியிலிருந்து ஒரு கீரிப்பிள்ளை வெளியே வந்து நின்றது. சாம்பல் நிறம், சிவந்த கண். தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தது. அப்புறம் தொண்டைக்குள் ஏதோ சத்தம் கொடுத்தது. அடியிலிருந்து மூன்று குட்டிகள், ஒன்றின் வாலில் இன்னொன்றின் மூக்கு இடிக்கிற மாதிரி வரிசையாக வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கயிற்றை யாரோ இழுப்பது போல இருக்கும். தாய் போன வளைவிலெல்லாம் அந்தக் கயிறும் வளைந்து போனது. கடைசிக் குட்டி மட்டும் ஒரு கோணி நூலில் கால் சிக்கி, அதோடு சண்டை போட்டுவிட்டு ஓடியது.

கால்வாய்க் கரையில் அப்போது வேலிகாத்தான் முள்ளு காடாக மண்டிக் கிடக்கும். தண்ணீர் டேனரித் தண்ணீர், கறுப்பாக வரும். அந்த நாற்றத்துக்கு அங்கே எதுவும் வாழாது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ஒரு மணி நேரத்தில் அந்த முள்ளுக்குள்ளிருந்து ஒரு செம்போத்து இறங்கி நடந்தது. மதில் மேல் ஒரு ஓணான் தலையாட்டியது. எதிர்க் கரையில் ஒரு உடும்பு வெயில் காய்ந்தது. பள்ளியில் கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் எடுக்கும் நான், என் வீட்டு ஜன்னலை அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். கல்யாண போட்டோவில்கூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

"நம்ம பலகைக்கு அடியிலம்மா" என்றார். "நம்ம பலகை."

அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அந்த அடுக்கை யாராலும் அசைக்க முடியாது என்று. சிறிது நேரம் கழித்து இன்னொரு கேள்வியும் வந்தது. அவர் மெதுவாகத் திரும்பி, "கீரி குடியிருக்கிற எடத்துல பெருச்சாளி எப்படி வரும்?" என்றார்.

நான் டீச்சர். பதில் இல்லாமல் நிற்கக் கூடாது. "கீரி பகல்ல அலையும். பெருச்சாளி ராத்திரி. டே ஷிப்ட், நைட் ஷிப்ட் மாதிரி" என்றேன்.

டேனரியில் வேலை செய்பவருக்கு அது நன்றாகப் புரிந்தது. "அப்டியா" என்று மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார்.

அதிலிருந்து அவர் ஆளே மாறினார். காலையில் டீத் தம்ளரோடு ஜன்னலில் நிற்பார். பெயின்ட் டப்பாவை வெட்டித் தட்டி, அதில் தண்ணீர் ஊற்றி அடுக்கின் பக்கத்தில் வைத்தார். டேனரி ஆபீஸில் எல்லோருக்கும் கீரிக் கதைதான். பெருச்சாளியை மறந்தே போனார். நான் இன்னும் இரண்டு சனிக்கிழமை பாத்திரம் வாங்கினேன். அவர் காலண்டர் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் கீரிக்குச் சாப்பாடும் வேண்டுமே. அந்த யோசனை எங்கள் இருவருக்குமே வரவில்லை. ஆபா வீட்டில் ஆறு கோழிகள் இருந்தன. அதில் ஒரு வெள்ளைக் கோழி அவருக்கு உயிர். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பூண்டு உரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் பள்ளியிலிருந்து வந்து பின்வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் கணவர் பின்பக்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதில் கதவு திறந்தது. ஆபா கை நிறைய வெள்ளை இறகோடு நின்றார்.

"தம்பி, இத பாருங்க. மதிலோரம் இந்தப் பக்கம் வரைக்கும் கெடக்குது."

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கீரியை விட்டுக்கொடுக்க மனசில்லை. "பூனையா இருக்கும் ஆபா" என்றார்.

ஆபா இறகை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "பூனையா? உங்க வீட்ல இன்னா காணாம போனாலும் ஏதாச்சும் ஒரு ஜீவன் மேல பழி போடறதே வேலையா? பெருச்சாளி பேன்ட் மாட்டிக்கினு போச்சா? கோட்டு போட்டுக்கினு போச்சா? சனிக்கிழமை சனிக்கிழமை பாத்திரக்காரிக்கு இந்தக் கதவ தெறந்து உட்டதே நான். எங்கிட்ட பூனை கதை சொல்றீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் பானையைப் பார்த்தேன். ஏற்கெனவே மூன்று தண்ணீர் களைந்த அரிசியை நான்காவது முறை களைந்தேன். ஆபா இறகுகளை முந்தானையில் கட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

என் கணவர் சைக்கிளை முழுதாகத் துடைத்து முடித்தார். பிறகு உள்ளே வந்து, அலமாரியில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார்.

"இது எது?"

"பழுப்பு பேன்ட்டு."

"இது?"

"ரெண்டு சட்டை."

"இந்த டபரா?"

"கோட்டு" என்றேன்.

டபராவைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, விரலால் சுண்டினார். "என் கோட்டுக்கு இது ஒண்ணா? நல்லா ஏமாத்திட்டாங்க உன்ன."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டு அவர் வேலைக்கு இன்டர்வியூ போனபோது அவருடைய அப்பா தைத்துக் கொடுத்தது என்று அன்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டிருக்கலாமே என்று அதற்குப் பின்னால் தோன்றியது. இரண்டு நாள் அவர் பித்தளைத் தம்ளரில்தான் டீ குடித்தார். மூன்றாவது நாள் நான் டபராவில் ஊற்றி வைத்தேன். டபராவை விரலால் ஒருமுறை சுண்டினார். ஆறுவதற்கு முன் எடுத்துக் குடித்துவிட்டார்.

நான் ஒரு வழியாகத் தப்பித்தேன். கீரி தப்பிக்கவில்லை. ஆபாவின் வீட்டுக்காரர் பொறி வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. அன்று மாலையே என் கணவர் மதில் கதவைத் தட்டினார்.

"ஆபா, பொறி வேணாம். ஒரு வாரம் டைம் குடுங்க. கோழிக்கு வீடு கட்டித் தரேன். கீரி இல்ல, எறும்புகூட நுழையாது."

"எதுல கட்டுவீங்க தம்பி?"

அவர் திரும்பி எங்கள் வீட்டைக் காட்டினார்.

அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் ரம்பமும் சுத்தியலும்தான். பெட்டிப் பலகைகள் சுவராயின. ஜாக்கிரதையாகக் கையாளவும் என்ற ஆங்கில எழுத்து ஒரு பக்கம் தலைகீழாக வந்தது. இரும்புப் பட்டைகளை நெருக்கமாகக் குறுக்கே அடித்து ஜன்னல் வைத்தார். கீலுக்குத் தோல், தாழ்ப்பாளுக்கு சைக்கிள் ஸ்போக், மழைக்குக் கோணிப் படுதா. நான்கு கல்லின் மேல் தூக்கி நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆணியும் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கி, கல்லில் தட்டி நிமிர்த்தியது. "பாத்தியா, ஒதவுது" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு ஜாஸ்தி கஷ்டமாக இருந்தது.

கோழிகள் குடிபோன மறுநாள் காலை கீரி வந்தது. நாங்கள் இருவரும் மதில் கதவருகில், ஆபா துடைப்பத்தோடு அந்தப் பக்கம். கீரி கூட்டை ஒரு சுற்று சுற்றியது. பட்டையின் நடுவே மூக்கை வைத்தது. உள்ளே ஐந்து கோழிகளும் ஒரே மூலையில் ஏறி நின்றன. அது கல்லில் கால் வைத்துக் கூரைக்குத் தாவி, மேலே உட்கார்ந்து, காதைச் சொறிந்தது. ஆபா துடைப்பத்தைத் தூக்கினார். அப்புறம் இறக்கினார்.

"பாக்கட்டும். நல்லா பாத்துட்டுப் போவட்டும்" என்றார்.

அது பார்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு எலி, ஓணான் என்று அதன் பாட்டுக்கு இருந்தது. பொறிப் பேச்சும் நின்றது.

கூட்டைப் பார்க்க வந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த தெருவில் இரண்டு, மசூதிப் பக்கம் ஒன்று, எங்கள் சர்ச்சில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. பின் அறை மெல்ல மெல்லக் கரைந்தது. ஒரு நாள் உள்ளே தரை தெரிந்தது. சிவப்பு சிமென்ட் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அத்தனை சனிக்கிழமையில் என் தந்திரத்தால் ஆகாததை ஆபாவின் ஒரு வெள்ளைக் கோழி செய்து முடித்தது. மதில் ஓரத்து அடுக்கை மட்டும் அவர் அப்போது தொடவில்லை. குட்டிகள் பெரிதாகி, தாயும் கரை முள்ளுக்குள் இடம் மாறிய பிறகுதான் அதைப் பிரித்தார். அப்போதும் பத்துப் பலகையைச் சுமந்து போய் வேலிகாத்தான் அடியில் சாய்த்துவிட்டு, முழங்கை எல்லாம் முள்ளுக் கீறலோடு வந்தார்.

நான் காலி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். என் பீரோவை அங்கே நகர்த்தலாம் என்று அளந்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவில் அவர் பாலாற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அந்த அறையில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது. காற்றில் விழுந்து கிடந்ததாம். அடுத்த வாரம் மீன்கொத்தியின் இறகு. அதற்கடுத்த வாரம், தலை முதல் வால் வரை கிழியாத ஒரு பாம்புச் சட்டை, என் புதுச் சுண்ணாம்புச் சுவரில் குண்டூசி குத்தி நீளமாக. நான் போட்ட சத்தத்தில் ஆபாவே கதவைத் திறந்து ஓடி வந்தார். "தொடாத, ஒடஞ்சிடும்" என்றுதான் என் கணவர் சொன்னார், பயப்படாதே என்று சொல்லவில்லை.

இந்த முறை நான் மூட்டை கட்டவில்லை. நேராகக் கேட்டேன். "இதெல்லாம் ஸ்கூலுக்கு எடுத்துக்கினு போகட்டுமா? கண்ணாடி அலமாரி ஒண்ணு காலியா கெடக்குது."

அவர் பெட்டிகள் மேல் எழுதும் அதே குண்டுக் கையெழுத்தில் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, கோந்து தடவித் தந்தார். என் மாணவிகள் மூக்கை அழுத்தி அழுத்தி அந்த அலமாரிக் கண்ணாடி எப்போதும் புகை பிடித்தது போல இருக்கும். வீட்டுக்கு வந்தால், பாம்புச் சட்டை கிழிந்ததா, கூடு நிமிர்ந்து இருக்கிறதா என்று தினமும் கேள்வி. நான் சொல்வதை அவர் முழுதாக நம்பவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு என்னைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வாட்ச்மேன் வந்து, உங்கள் வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்றார். வகுப்பை விட்டுப் போனேன். அவர் கையில் என் குடை. "மறந்துட்டுப் போய்ட்டே" என்றார். அப்படியே நடந்து அலமாரி முன்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தான் எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கால் மணி நேரம் கழித்துத் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளில் ஏறினார். தை மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, உறைக்கிற வெயிலும் இல்லை.